மதிப்பாய்வு முடிந்த கட்டுரையை எவ்வளவு நம்பலாம், எப்படிப் படிக்கலாம்?

முனைவர் பட்டத்துக்கு இப்போதுதான் பதிவு செய்திருக்கும் ஒருவர் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். பியர் ரிவ்யூ (அதே துறையினர் செய்யும் மதிப்பாய்வு) ஆன கட்டுரை என்றால் அதில் இருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? கட்டுரையைத் திறந்தால் பாதிக்கு மேல் புரிவதில்லை, எங்கிருந்து தொடங்குவது? பணம் கட்டினால் ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம் என்று மெயில் அனுப்பும் ஜர்னல்களை என்ன செய்வது?

முதல் கேள்விக்கு நேரடியாகவே சொல்லிவிடுகிறேன்: அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அதற்காக மதிப்பாய்வு வெறும் சடங்கு என்றும் நினைத்துவிடாதீர்கள். அங்கே என்ன நடக்கிறது, என்ன நடப்பதில்லை என்று தெரிந்துகொண்டால், எவ்வளவு நம்பலாம் என்பதை நீங்களே முடிவு செய்ய முடியும்.

நீங்கள் ஒரு ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் அதைப் பார்ப்பவர் பதிப்பாசிரியர். இதழின் துறைக்குப் பொருந்தவில்லை, புதிதாக ஒன்றும் இல்லை, எழுத்து ஒழுங்காக இல்லை என்று பட்டால் அவரே திருப்பி அனுப்பிவிடுவார். பெரிய இதழ்களில் வரும் கட்டுரைகளில் பெரும்பகுதி இந்த முதல் வாசலைத் தாண்டுவதில்லை. தாண்டியவை அதே துறையில் வேலை செய்யும் இரண்டு அல்லது மூன்று பேரிடம் போகும். அவர்கள்தான் மதிப்பாய்வாளர்கள். பெரும்பாலும் சம்பளம் கிடையாது. தங்கள் ஆராய்ச்சி, வகுப்பு எல்லாவற்றுக்கும் நடுவே இதைச் செய்கிறார்கள். பல துறைகளில் மதிப்பாய்வாளருக்கு உங்கள் பெயர் தெரியும், உங்களுக்கு அவர் பெயர் தெரியாது. சில இதழ்களில் இரு பக்கமும் பெயர் மறைக்கப்படும். மதிப்பாய்வு அறிக்கைகளைக் கட்டுரையோடு சேர்த்தே வெளியிடும் இதழ்களும் இப்போது இருக்கின்றன. அப்படிப்பட்டவை கிடைத்தால் தவறாமல் படியுங்கள். ஒரு கட்டுரையில் எதைத் தேட வேண்டும் என்பதை அதைவிட நன்றாக யாரும் சொல்லித்தர முடியாது.

அறிக்கைகள் வந்ததும் பதிப்பாசிரியர் முடிவு சொல்வார். நேரடியாக ஏற்பு என்பது அபூர்வம். சிறு திருத்தம், பெரிய திருத்தம், நிராகரிப்பு ஆகிய மூன்றில் ஒன்றுதான் வழக்கமாக வரும். திருத்தம் என்றால் ஒவ்வொரு குறிப்புக்கும் வரிக்கு வரி பதில் எழுதி மறுபடியும் அனுப்ப வேண்டும். இந்தச் சுற்று மாதக்கணக்கில் போகும்.

இதில் நடக்காத ஒன்றுதான் மிக முக்கியம். மதிப்பாய்வாளர் உங்கள் சோதனையைத் திரும்பச் செய்து பார்ப்பதில்லை. பெரும்பாலும் மூலத்தரவைக்கூடப் பார்ப்பதில்லை. கையில் இருக்கும் எழுத்தையும் அட்டவணையையும் படத்தையும் வைத்து, இவர்கள் சொன்னபடி செய்திருந்தால் இந்த முடிவு வருமா என்று மட்டும் கேட்கிறார். ஆசிரியர்கள் நேர்மையாக எழுதியிருக்கிறார்கள் என்ற நம்பிக்கையின் மேல்தான் இந்த ஏற்பாடு முழுவதும் நிற்கிறது.

அந்தக் கேள்வியையாவது அவர்கள் நன்றாகக் கேட்கிறார்களா? பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலைச் சேர்ந்தவர்கள் ஒரு சோதனை செய்து 1998இல் வெளியிட்டார்கள். ஒரு கட்டுரைக்குள் 8 குறைகளை வேண்டுமென்றே நுழைத்து, 420 மதிப்பாய்வாளர்களுக்கு அனுப்பினார்கள். அறிக்கை அனுப்பியவர்கள் 221 பேர். சராசரியாக ஒருவர் கண்டுபிடித்தது 2 குறைகள். 16 சதவீதம் பேர் ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. இன்னொரு சோதனை 2014இல் நியூரிப்ஸ் என்கிற செயற்கை நுண்ணறிவு மாநாட்டில் நடந்தது. வந்த கட்டுரைகளில் ஒரு பகுதியை இரண்டு தனித்தனிக் குழுக்களிடம் கொடுத்தார்கள். ஒரு குழு ஏற்ற கட்டுரைகளில் பாதிக்கு மேல் மற்றக் குழு நிராகரித்திருந்தது. உங்கள் கட்டுரை ஒரு இடத்தில் திரும்பி வந்தால் மனம் உடைந்துவிடாதீர்கள் என்பதற்கும் இதுதான் காரணம். செல்லுக்குள் ஆற்றல் உருவாகும் சுழற்சியைப் பற்றி ஹான்ஸ் கிரெப்ஸ் 1937இல் அனுப்பிய குறிப்பை நேச்சர் இதழ் இடமில்லை என்று திருப்பி அனுப்பியது. வேறு இதழில் வெளியான அந்தக் கண்டுபிடிப்புக்காக 1953இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மதிப்பாய்வின் எல்லை எங்கே முடிகிறது என்பதை நன்றாகக் காட்டும் ஒரு நிகழ்வைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது.

2020 மே 22 அன்று லான்செட் இதழில் ஒரு கட்டுரை வந்தது. கொரோனா நோயாளிகளுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்தைக் கொடுப்பதால் இறப்பு அதிகமாகிறது என்றது. 6 கண்டங்கள், 671 மருத்துவமனைகள், 96,032 நோயாளிகள். மருந்து எடுக்காதவர்களில் இறந்தவர்கள் 9.3 சதவீதம், அந்த மருந்தை மட்டும் எடுத்தவர்களில் 18.0 சதவீதம். உலகின் மிகப் பழைய, மிக மதிப்புள்ள மருத்துவ இதழ்களில் ஒன்று, மதிப்பாய்வும் முடிந்தது. மூன்றே நாளில் உலக சுகாதார அமைப்பு, தன் பரிசோதனையில் அந்த மருந்துக்கான பிரிவை நிறுத்திவைப்பதாக அறிவித்தது.

அப்புறம் என்ன ஆயிற்று என்றால், மற்ற ஆராய்ச்சியாளர்கள் கட்டுரையை உட்கார்ந்து படித்தார்கள். கண்டவாரியான அட்டவணையில், புகைப்பழக்கம், உடல் எடைக் குறியீடு போன்றவை எல்லாக் கண்டங்களிலும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருந்தன. ஆப்பிரிக்காவிலும் வட அமெரிக்காவிலும் இவை எப்படி ஒன்றாக இருக்கும்? மருத்துவமனைகளின் பெயர் இல்லை. எந்தெந்த நாடு என்ற விவரமும் இல்லை. ஆஸ்திரேலியாவில் என்று காட்டிய இறப்பு எண்ணிக்கை, அந்தத் தேதி வரை அந்த நாடு அதிகாரபூர்வமாக அறிவித்திருந்த மொத்தத்தைவிட அதிகமாக இருந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டு இதழுக்குத் திறந்த மடல் எழுதினார்கள். தரவைத் தந்தது சர்ஜிஸ்ஃபியர் என்ற சிறிய அமெரிக்க நிறுவனம். தனியான தணிக்கைக்குத் தரவைக் கொடுக்க அது மறுத்தது. ஜூன் 4ஆம் தேதி, அந்த நிறுவனத்தின் தலைவர் நீங்கலாக மற்ற மூன்று ஆசிரியர்களும் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். அதே நிறுவனத்தின் தரவை வைத்து நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்திருந்த வேறொரு கட்டுரையும் அதே நாளில் போனது.

இந்த ஓட்டைகளில் பலவும் அச்சான கட்டுரைக்குள்ளேயே கண்ணுக்குத் தெரிந்தன. ரகசிய ஆவணம் எதுவும் தேவைப்படவில்லை. இரண்டு மூன்று பேர் அவசரத்தில் படித்ததில் தப்பியது, நூற்றுக்கணக்கானவர்கள் நிதானமாகப் படித்ததில் இரண்டே வாரத்தில் பிடிபட்டது. மதிப்பாய்வு என்பது வெளியிடும் நாளோடு முடிவதில்லை, அன்றுதான் தொடங்குகிறது என்று என் மாணவர்களிடம் நான் சொல்வதற்கு இதுதான் காரணம். எல்லா நேரமும் இவ்வளவு வேகமாக நடப்பதுமில்லை. தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் கட்டுரை, வெறும் 12 குழந்தைகளை வைத்து 1998இல் அதே லான்செட்டில் வந்தது. திரும்பப் பெறப்பட்டது 2010இல். இடையில் போன 12 ஆண்டுகளில் எத்தனை பெற்றோர் பயந்து குழந்தைகளுக்கு ஊசி போடாமல் விட்டார்கள் என்று நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

சரி, அப்படியென்றால் மதிப்பாய்வு எதற்கு? ராமானுஜனை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய முதல் நீண்ட கட்டுரை, பெர்னூலி எண்களின் சில பண்புகளைப் பற்றியது, 1911இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வந்தது. அதன் பதிப்பாசிரியர் பெங்களூரில் பேராசிரியராக இருந்த நாராயண ஐயங்கார். ராமானுஜனின் முறைகள் மிகச் சுருக்கமாகவும் புதிதாகவும் இருந்தன, எழுத்தில் தெளிவு இல்லை, சாதாரண வாசகரால் பின்தொடர முடியவில்லை என்று அவர் பதிவு செய்திருக்கிறார். கட்டுரை பலமுறை இருவருக்கும் இடையே போய்வந்த பிறகுதான் அச்சானது. நல்ல மதிப்பாய்வு செய்யும் வேலை பெரும்பாலும் இதுதான். மேதையின் தலைக்குள் இருப்பதை மற்றவர்கள் சரிபார்க்கக்கூடிய வடிவத்துக்குக் கொண்டுவருவது. என் அனுபவத்திலும், திருத்தச் சுற்று முடிந்து வரும் கட்டுரை முதலில் வந்ததைவிட மோசமாக இருந்தது மிக அரிது. விட்டுப்போன ஒப்பீடு சேர்க்கப்பட்டிருக்கும், அளவுக்கு மீறிய முடிவுரை அடக்கி எழுதப்பட்டிருக்கும்.

மதிப்பாய்வு ஆகாதது எல்லாம் குப்பை என்றும் இல்லை. 1991 முதல் இயங்கும் ஆர்க்கைவ் என்ற தளத்தில் இயற்பியல், கணிதம், கணினித் துறையினர் தங்கள் கட்டுரைகளை இதழுக்கு அனுப்பும் முன்பே போடுகிறார்கள். கணிதத்தில் நெடுங்காலம் தீராமல் இருந்த போங்கரே அனுமானத்துக்கான நிறுவலைக் கிரிகோரி பெரல்மன் 2002, 2003இல் அங்கே மட்டும்தான் போட்டார். எந்த இதழுக்கும் அனுப்பவில்லை. கணிதவியலாளர்கள் ஆண்டுக்கணக்கில் வரிவரியாகச் சரிபார்த்து ஏற்றுக்கொண்டார்கள். ஆக, இப்படி மதிப்பாய்வுக்கு முன்பே வெளிவரும் முன்பதிப்பைப் பார்த்தால் ஒதுக்க வேண்டாம். இதை இன்னும் யாரும் கேள்வி கேட்கவில்லை என்ற நினைப்போடு படியுங்கள்.

இனி படிப்பது. உங்களுக்குப் பாதிதான் புரிகிறது என்பதற்காகக் கூச்சப்பட வேண்டாம். ஆய்வுக் கட்டுரை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை கதைபோல் படிக்க எழுதப்படுவதில்லை. தலைப்பு, சுருக்கம் இரண்டையும் படித்ததும், முன்னுரையின் கடைசிப் பத்திக்குப் போங்கள். நாங்கள் எதைக் கேட்டோம் என்பது அங்கேதான் இருக்கும். அதை உங்கள் சொந்த வார்த்தையில், தமிழிலேயே, ஒரு வாக்கியமாக எழுதிப் பாருங்கள். எழுத முடியவில்லை என்றால் மேலே போவதில் பயனில்லை. உங்களுக்கு அடிப்படை ஏதோ விட்டுப்போயிருக்கிறது. அந்தத் தலைப்பில் பல ஆய்வுகளைச் சேர்த்துச் சொல்லும் ஒரு தொகுப்புக் கட்டுரையைத் தேடிப் படித்துவிட்டுத் திரும்பி வாருங்கள். தொடக்கத்தில் ஒரு நல்ல தொகுப்புக் கட்டுரை பத்து தனிக் கட்டுரைகளுக்குச் சமம்.

அடுத்து படங்களும் அட்டவணைகளும். ஆசிரியர் என்ன சொல்கிறார் என்று பார்க்கும் முன், அவற்றைப் பார்த்து நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று யோசியுங்கள். நான் மதிப்பாய்வுக்கு உட்காரும்போதும் இந்த வரிசையில்தான் போவேன். கலந்துரையாடல் பகுதியை முதலில் படித்தால் ஆசிரியரின் கண்ணாடியை மாட்டிக்கொண்டுதான் அட்டவணையைப் பார்ப்போம். அதற்குப் பிறகு ஆய்வுமுறை. புதியவர்கள் தாண்டிப் போகும் பகுதி இதுதான், கட்டுரையின் உயிரும் இதுதான். யாரை அல்லது எதை ஆராய்ந்தார்கள், எத்தனை பேர், எதோடு ஒப்பிட்டார்கள், எதை அளந்தார்கள், யார் எந்தக் குழுவில் சேர்வது என்பதை யார் முடிவு செய்தார்கள்?

கடைசிக் கேள்வியின் எடையைப் புரிந்துகொள்ள அதே மருந்துக்கே திரும்பலாம். லான்செட் கட்டுரையின் தரவு உண்மையானதாகவே இருந்திருந்தாலும், அது மருத்துவர்கள் ஏற்கனவே கொடுத்த சிகிச்சையைப் பின்னால் இருந்து பார்த்ததுதான். நோய் முற்றியவருக்குத்தான் மருந்து கொடுத்திருப்பார்கள் என்றால், இறப்பு கூடியதற்கு மருந்து காரணமா, நோய் காரணமா? அதே நேரத்தில் பிரிட்டனில் ரிக்கவரி என்ற பரிசோதனை நடந்துகொண்டிருந்தது. அங்கே யாருக்கு மருந்து என்பதை மருத்துவர் முடிவு செய்யவில்லை, கணினி குலுக்கல் முறையில் முடிவு செய்தது. மருந்து கொடுத்த 1,561 பேரில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 421 பேர், அதாவது 27.0 சதவீதம். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற 3,155 பேரில் 790 பேர், 25.0 சதவீதம். இரு குழுக்களின் இறப்பை ஒப்பிடும் விகிதம் 1.09. உண்மையான விகிதம் எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்று காட்டும் நம்பக இடைவெளி 0.97 முதல் 1.23 வரை.

அந்தக் கடைசி இரண்டு எண்களைப் படிக்கக் கற்றுக்கொண்டால் மருத்துவக் கட்டுரைகளில் பாதி பயம் போய்விடும். 1 என்றால் இரு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. இடைவெளிக்குள் 1 இருக்கிறது, அதனால் மருந்து உயிரைப் பறிக்கிறது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. இடைவெளியின் கீழ்முனை 0.97, அதனால் பெரிய நன்மை இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. ஆசிரியர்களும் அதைத்தான் சொன்னார்கள்: பலன் இல்லை. உலக சுகாதார அமைப்பு, லான்செட் கட்டுரை திரும்பப் பெறப்படுவதற்கு முந்தைய நாள் மீண்டும் தொடங்குவதாக அறிவித்திருந்த அந்தப் பிரிவை ஜூன் 17 அன்று நிரந்தரமாக நிறுத்தியது. கட்டுரை பொய்த்துப்போனதால் மருந்து நல்லது என்று ஆகிவிடவில்லை. வாட்ஸ்அப்பில் அப்படி வாதாடியவர்கள் நிறைய.

வாட்ஸ்அப் என்றதும் மஞ்சள் ஞாபகம் வருகிறது. மஞ்சளில் இருக்கும் குர்குமின் புற்றுநோய்ச் செல்லைக் கொல்கிறது என்று ஆய்வு சொல்கிறது என்ற செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். ஆய்வுமுறைப் பகுதியைத் திறந்தால் அநேகமாக அது கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்லாக இருக்கும். 2017இல் மருந்து வேதியியல் இதழ் ஒன்றில் வந்த விரிவான தொகுப்புக் கட்டுரை, குர்குமினை வைத்து நூற்றுக்கும் மேற்பட்ட மனிதப் பரிசோதனைகள் நடந்திருந்தும், போலி மருந்தோடு ஒப்பிட்டு, யாருக்கு எது என்பதை நோயாளிக்கும் ஆய்வாளருக்கும் மறைத்துச் செய்த எந்தப் பரிசோதனையும் வெற்றி பெறவில்லை என்று எழுதியது. குர்குமின் உடலில் நிலையாக நிற்பதில்லை, சரியாக உறிஞ்சப்படுவதும் இல்லை, போதாததற்குப் பல ஆய்வகச் சோதனைகளில் பலன் இருப்பதுபோல் பொய்யான நேர்விடையும் தரும். சாம்பாரில் மஞ்சள் போடுவதற்கு இது தடையில்லை. தட்டிலிருந்த செல்லுக்கும் மனித உடலுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

இதெல்லாம் முடிந்த பிறகு கலந்துரையாடலையும் முடிவுரையையும் படியுங்கள். அங்கே சொல்வது அட்டவணை தாங்கும் அளவுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். நிதி யார் தந்தது என்ற வரியையும் விடாதீர்கள். கட்டுரையை மேற்கோள் காட்டும் முன் டிஓஐ எண்ணை (ஒவ்வொரு கட்டுரைக்கும் தரப்படும் நிலையான இணைய அடையாள எண்) போட்டு இதழின் பக்கத்துக்கே போய், திரும்பப் பெறப்பட்டதாகவோ திருத்தப்பட்டதாகவோ குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பப்பியர் என்ற தளத்தில் அந்தக் கட்டுரையைப் பற்றி மற்றவர்கள் எழுப்பிய கேள்விகளும் கிடைக்கலாம். யாரோ அனுப்பிய பிடிஎஃப்பில் இதெல்லாம் இருக்காது.

மூன்றாவது கேள்வி, பணம் கேட்கும் ஜர்னல். பணம் கேட்பது மட்டுமே குற்றமில்லை. வாசகர்கள் இலவசமாகப் படிக்கத் திறந்துவிடும் நல்ல இதழ்கள் பலவும் ஆசிரியரிடம்தான் கட்டணம் வாங்குகின்றன. மதிப்பாய்வு செய்கிறோம் என்று சொல்லிவிட்டுச் செய்யாமல் வாங்குவதுதான் ஏமாற்று. சயன்ஸ் இதழுக்காக ஜான் போஹானன் என்ற பத்திரிகையாளர் 2013இல் இதைச் சோதித்தார். கற்பாசியில் (லைக்கன்) கிடைக்கும் ஒரு பொருள் புற்றுநோய்ச் செல்லைத் தடுக்கிறது என்று ஒரு போலிக் கட்டுரை எழுதினார். பள்ளி வேதியியல் தெரிந்தவரே பிடித்துவிடக்கூடிய பிழைகளை உள்ளே வைத்தார். இல்லாத ஆசிரியர், இல்லாத நிறுவனம். யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய 304 திறந்த அணுக்க இதழ்களுக்கு அனுப்பியதில் 157 ஏற்றுக்கொண்டன, 98 நிராகரித்தன. மாட்டியவற்றில் இந்தியாவிலிருந்து இயங்கியவை நிறைய இருந்தன. கட்டணம் வாங்கும் ப்ளாஸ் ஒன் இதழ் அதை நிராகரித்தது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

நம் நாட்டில் இந்தக் கடைகள் பெருகியதற்குப் பழியை மாணவர்கள் மேல் போடுவதை நான் ஏற்கமாட்டேன். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்று 2016 விதிகளில் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி கட்டாயமாக்கியது. நல்ல இதழில் மதிப்பாய்வுக்கு ஆகும் காலத்தையும் மாணவருக்கு இருக்கும் காலத்தையும் யாரும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. 2022 விதிகளில் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. ஆனால் பல்கலைக்கழகங்கள் தங்கள் அளவில் அதை வைத்திருக்கலாம். உங்கள் பல்கலைக்கழகத்தின் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். தரமான இதழ்கள் என்று தான் வைத்திருந்த கேர் பட்டியலையும் 2025 பிப்ரவரியில் யுஜிசி நிறுத்திவிட்டது. எனவே கேர் அங்கீகாரம் என்று இன்றைக்கும் விளம்பரம் செய்கிற இதழ் எதைச் சொல்லி விற்கிறது என்று யோசியுங்கள்.

எப்படித் தெரிந்துகொள்வது? அந்த இதழில் வந்த நான்கைந்து கட்டுரைகளைத் திறந்து, கிடைத்த தேதிக்கும் ஏற்ற தேதிக்கும் இடையே எத்தனை நாள் என்று பாருங்கள். எல்லாமே ஒரு வாரத்துக்குள் என்றால் அங்கே யாரும் படிக்கவில்லை. இதழின் பதிப்பாசிரியர் குழுவில் இருப்பவர்களில் இருவரின் சொந்தப் பல்கலைக்கழகப் பக்கத்துக்குப் போய், இந்த இதழ் அங்கே குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெயர் போட்டிருப்பதே சிலருக்குத் தெரியாமல் இருக்கும். ஆய்விதழ்களைப் பட்டியலிடும் ஸ்கோபஸ் தரவுத்தளத்தில் இருக்கிறது என்று சொன்னால் ஸ்கோபஸின் சொந்தப் பட்டியலில் தேடுங்கள், இதழின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் படத்தை நம்பாதீர்கள். நல்ல இதழின் பெயரிலேயே போலி இணையதளம் நடத்துவதும் உண்டு, அதனால் முகவரியையும் சரிபாருங்கள். உங்கள் துறையில் நீங்கள் மதிக்கும் மூத்தவர்கள் அந்த இதழில் எழுதுகிறார்களா என்பது இவை எல்லாவற்றையும்விட நல்ல அளவுகோல்.

ஏற்கனவே அப்படி ஒரு இடத்துக்கு அனுப்பிவிட்டிருந்தால், பணம் கட்டுவதற்கும் காப்புரிமைப் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கும் முன்பே, கட்டுரையை விலக்கிக்கொள்கிறேன் என்று மெயில் எழுதுங்கள். அந்த மெயிலில் உங்கள் நெறியாளரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே கட்டுரை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களிடம் இருப்பது விதிமீறல். அதனால் விலக்கியதற்கான பதில் எழுத்தில் கைக்கு வந்த பிறகு அடுத்த இதழுக்கு அனுப்புங்கள்.